அமெரிக்க அரசமைப்புத் திருத்த மாநாடு: மாநிலங்கள் பேராளர்களை எப்படித் தேர்வு செய்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த மாநாட்டைப் பற்றிய பேச்சு இது?

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, திருத்தம் முன்மொழிய இரண்டு வழிகளைத் தருகிறது. காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு தாமே முன்மொழியலாம். இல்லையென்றால், மூன்றில் இரண்டு பங்கு மாநிலச் சட்டமன்றங்கள், அதாவது 50இல் 34, விண்ணப்பம் கொடுத்தால் காங்கிரஸ் ஒரு மாநாட்டைக் கூட்டியாக வேண்டும். திருத்தத்தை அந்த மாநாடு முன்மொழியும். எந்த வழியில் வந்தாலும் நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள், அதாவது 38, ஒப்புக்கொண்டால்தான் அது சட்டமாகும். அந்த ஒப்புதலை மாநிலச் சட்டமன்றம் தருவதா, அதற்கென்றே மாநிலத்துக்குள் கூடும் ஒரு மாநாடு தருவதா என்பதைக் காங்கிரஸ் முடிவு செய்யும்.

ஆக, மாநாடுகள் இரண்டு வகை. முன்மொழிவு மாநாடு நாடு முழுவதற்கும் ஒன்று. இதுவரை ஒருமுறைகூடக் கூடியதில்லை. 27 திருத்தங்களையும் காங்கிரஸ்தான் முன்மொழிந்தது. ஒப்புதல் மாநாடு மாநிலத்துக்கு ஒன்று. திருத்தம் ஒன்றுக்காக அது கூடியது 1933இல் மட்டுமே. செய்திகளில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது சகஜம். கீழே பெரும்பகுதி முன்மொழிவு மாநாட்டைப் பற்றியது. ஒப்புதல் மாநாட்டுக்குத் தனிக் கேள்வி இருக்கிறது.

பேராளர்களை இப்படித்தான் தேர்வு செய்ய வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் சொல்கிறதா?

இல்லை. எத்தனை பேர், யார் தேர்ந்தெடுப்பது, என்ன தகுதி, மாநாட்டில் ஆளுக்கு ஒரு ஓட்டா மாநிலத்துக்கு ஒரு ஓட்டா என்று எதைப் பற்றியும் 5ஆம் பிரிவில் ஒரு வார்த்தை கிடையாது.

காங்கிரஸும் அந்த இடைவெளியை நிரப்பவில்லை. வட கரோலினா செனட்டர் சாம் எர்வின் கொண்டுவந்த நடைமுறை மசோதா 1971இலும் 1973இலும் செனட்டில் நிறைவேறியது, கீழவை கண்டுகொள்ளவில்லை. பின்னால் வந்த மசோதாக்களுக்கும் அதே கதி.

இதில் அறிஞர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். கூட்டும் அதிகாரம் காங்கிரஸுக்கு இருப்பதால் பேராளர் எண்ணிக்கையையும் தேர்தல் முறையையும் வகுக்கும் அதிகாரம் அதில் அடக்கம் என்பது ஒரு கட்சி. மாநாடு என்பது மாநிலங்களின் கூட்டம், நாளும் இடமும் சொல்வதோடு காங்கிரஸின் வேலை முடிந்தது என்பது இன்னொன்று. பழைய நடைமுறை இரண்டாவது கட்சிக்கே சாதகமாக இருக்கிறது. ஆனால் எந்த நீதிமன்றமும் இதைத் தீர்த்து வைக்கவில்லை. ஆகவே விவரமான மாநிலம் இரண்டுக்கும் இடம் வைத்தே சட்டம் எழுதும்.

சரி, நடைமுறையில் தேர்வு செய்வது யார்? சட்டமன்றமா, ஆளுநரா, மக்களா?

இதற்கென்று சட்டம் எழுதிய மாநிலங்கள் பெரும்பாலும் அதிகாரத்தைச் சட்டமன்றத்திடமே வைத்துக்கொண்டிருக்கின்றன. விண்ணப்பம் கொடுப்பது சட்டமன்றம், ஆகவே ஆளனுப்புவதும் சட்டமன்றம் என்பது வாதம். அரசமைப்பை எழுதிய 1787 பிலடெல்பியா மாநாட்டுக்கும் சட்டமன்றங்கள்தான் பேராளர்களை நியமித்தன. 1861 பிப்ரவரியில் உள்நாட்டுப் போரைத் தவிர்க்கும் கடைசி முயற்சியாக வாஷிங்டனில் கூடிய சமாதான மாநாட்டுக்கு 21 மாநிலங்கள் ஆள் அனுப்பின. அவர்களில் சிலரைச் சட்டமன்றங்களும் சிலரை ஆளுநர்களும் நியமித்தார்கள். 2017 செப்டம்பரில் அரிசோனா அழைத்து, பீனிக்ஸில் ஏறத்தாழ 20 மாநிலங்கள் கூடி, வரவுசெலவுச் சமநிலைத் திருத்தத்துக்கான மாநாடு வந்தால் என்ன விதிகள் வைப்பது என்று பேசின. அது 5ஆம் பிரிவு மாநாடு அல்ல, முன்னேற்பாட்டுக் கூட்டம்தான்.

ஒரு விஷயத்தை நம் வாசகர்கள் மனத்தில் வைக்க வேண்டும். அமெரிக்காவில் ஆளுநர் என்றால் நம் நாட்டில் இருப்பது போன்ற நியமன ஆளுநர் அல்ல. மக்கள் ஓட்டில் வந்த, நம் முதலமைச்சருக்கு நிகரான ஆள். அவருக்கு நியமன அதிகாரம் கொடுப்பதென்றால் ஒரே கட்சிக்காரர் கையில் முழுக் குழுவையும் கொடுப்பது. அதனால்தான் சட்டமன்றங்கள் தயங்குகின்றன.

நேரடித் தேர்தல் கேட்க நன்றாக இருக்கும். சிக்கல், காலமும் தொகுதியும். காங்கிரஸ் தொகுதிக்கு ஒருவர், மாநிலம் முழுவதற்கும் இருவர் என்ற கணக்கைப் பல காங்கிரஸ் மசோதாக்கள் முன்வைத்தன. அதற்கு வேட்புமனு, உள்கட்சித் தேர்தல், வாக்குச்சீட்டு அச்சடிப்பு, வெளிநாட்டுப் படைவீரர்களுக்குத் தபால் ஓட்டு என்று பல மாதங்கள் வேண்டும். மாநாட்டு அழைப்பு அந்த அவகாசம் தருமா என்பது யார் கையிலும் இல்லை.

சட்டமன்றம்தான் தேர்வு செய்கிறது என்றால், இரு அவைகளும் சேர்ந்து உட்கார்ந்தா, தனித்தனியாகவா?

சிறிய கேள்வி மாதிரி தெரியும். மொத்தக் காரியமும் இதில்தான் கவிழும்.

தனித்தனியே ஓட்டெடுத்து இரண்டும் ஒரே பெயரை ஏற்க வேண்டும் என்று வைத்தால், மேலவை ஒரு கட்சி, கீழவை இன்னொரு கட்சி கையில் இருக்கும் மாநிலத்தில் பெயரே முடிவாகாது. கூட்டு அமர்வு என்றால் எண்ணிக்கை அதிகமுள்ள கீழவையின் கை ஓங்கும். ஆனால் முடிவு கிடைக்க வாய்ப்பு அதிகம். நெப்ராஸ்காவுக்கு மட்டும் இந்தத் தலைவலி இல்லை. 49 பேர் கொண்ட ஒரே அவைதான் அங்கே.

கூட்டு அமர்வும் முழு மருந்தல்ல. 1913க்கு முன் அமெரிக்க செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்கள்தான் தேர்ந்தெடுத்தன. 1866இன் சட்டப்படி அவைகள் முதலில் தனித்தனியே ஓட்டெடுக்கும். ஒத்துப்போகவில்லையென்றால் கூட்டு அமர்வில் நாள்தோறும் ஓட்டெடுக்க வேண்டும். அப்படியும் டெலாவேரில் இழுபறி நீண்டு, 1901 முதல் 1903 வரை அந்த மாநிலத்துக்கு செனட்டில் ஒருவர்கூட இல்லை. பேராளர் சட்டம் எழுதுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு, இத்தனையாவது சுற்றிலும் பெரும்பான்மை இல்லையென்றால் கடைசி இடத்தில் உள்ள பெயரை நீக்கிக்கொண்டே வர வேண்டும் என்றோ, ஒவ்வொரு அவையும் தன் பங்குக்கு ஆளை நியமிக்கலாம் என்றோ ஒரு வரி சேர்ப்பது நல்லது.

எத்தனை பேரை அனுப்பலாம்?

மாநாட்டில் மாநிலத்துக்கு ஒரு ஓட்டு என்றால் எத்தனை பேரை அனுப்பினாலும் பலம் கூடாது. 1787இல் பென்சில்வேனியா 8 பேரை நியமித்தது. அதற்கும் ஒரு ஓட்டு, டெலாவேருக்கும் ஒரு ஓட்டு. ஆகவே கேட்க வேண்டியது, ஓட்டு வீணாகாமல் இருக்க எத்தனை பேர் தேவை என்பதுதான்.

1787 ஜூலை 2ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலவையில் எல்லா மாநிலங்களுக்கும் சம இடம் உண்டா என்று ஓட்டு. கனெக்டிகட், நியூயார்க், நியூஜெர்சி, டெலாவேர் ஆதரவு. மேரிலாந்திலிருந்து அந்தக் காலைப்பொழுதில் அவையில் இருந்தவர் லூதர் மார்ட்டின் ஒருவர்தான். சக பேராளர் ஜெனிஃபர் இன்னும் வந்து சேரவில்லை. அவர் இருந்திருந்தால் இருவரும் முரண்பட்டு மேரிலாந்தின் ஓட்டு செல்லாமல் போயிருக்கும். மார்ட்டின் தனியாளாக ஆதரவு என்று சொல்ல, ஆதரவு ஐந்தானது. எதிர்ப்பும் ஐந்து. கடைசியாக ஜார்ஜியா. அதன் பேராளர்களில் இருவர் நியூயார்க்கில் காங்கிரஸ் வேலையில் இருந்தார்கள். எஞ்சிய இருவரில் ஹூஸ்டன் எதிர்ப்பு, பால்ட்வின் ஆதரவு. ஜார்ஜியாவின் ஓட்டு பிளந்தது. 5க்கு 5. மாநாடே முட்டுச்சந்தில் நின்றது. சமரசம் காண ஒரு குழு போட வேண்டியதாயிற்று.

இரண்டு வாரம் கழித்து, ஜூலை 16இல் அந்தச் சமரசம் 5க்கு 4 என்று நிறைவேறியது. அப்போது பிளந்தது மாசசூசெட்ஸ்: இருந்த நால்வரில் கெர்ரியும் ஸ்ட்ராங்கும் ஒரு பக்கம், கிங்கும் கோர்ஹமும் மறுபக்கம். அமெரிக்க செனட் இன்றிருக்கும் வடிவத்தில் இருப்பதற்கு இரட்டைப்படைக் குழுக்களும் ஒரு காரணம் என்றால் மிகையில்லை.

ஆகவே ஒற்றைப்படையாக வையுங்கள்: 3, 5 அல்லது 7. மூன்றுக்குக் கீழே போனால் ஒருவர் காய்ச்சலில் படுத்தாலே குழு முடங்கும். ஏழுக்கு மேலே போனால் செலவும் சண்டையும் ஏறும், பயன் ஏறாது. மாநாட்டில் பல குழுக்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் என்பதால் மூன்றைவிட ஐந்து வசதி.

ஒவ்வொரு பேராளருக்கும் மாற்று ஆள் தேவையா?

தேவை. ஆனால் பொதுப்பட்டியலாக வைப்பதைவிட இன்னாருக்கு மாற்று இன்னார் என்று ஜோடி கட்டுவது நல்லது. இண்டியானா சட்டம் அப்படித்தான் செய்கிறது. இல்லையென்றால் ஒருவர் வெளியேறும்போது யார் உள்ளே போவது என்பதே தனித் தகராறாகும்.

மாநிலக் குழுவுக்குக் கோரம் (ஓட்டுச் செல்ல ஆஜராக வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை) எவ்வளவு வைப்பது?

பாதிக்கு மேல், அதற்கு மேலும் வேண்டாம். நியூயார்க் 1787இல் மூன்று பேரை அனுப்பியது: ஹாமில்டன், யேட்ஸ், லான்சிங். ஜூலை 10 வாக்கில் பின்னிருவரும் கோபித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். ஹாமில்டன் தனியே உட்கார்ந்து பேசலாம், கடைசியில் கையெழுத்துப் போடலாம். மாநிலத்தின் ஓட்டைப் போட முடியாது. அதோடு நியூயார்க்கின் ஓட்டு போயிற்று. மேரிலாந்து எதிர்ப்பக்கம் போய், ஒருவர் இருந்தாலும் போதும் என்று அனுமதித்திருந்தது; அதன் விளைவுதான் மேலே சொன்ன ஜூலை 2. இரண்டு எல்லைகளும் ஆபத்து.

நியமித்தவர் வரமாட்டேன் என்றால்?

வரமாட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு எழுதுங்கள். 1787இல் சுமார் 70 பேர் நியமிக்கப்பட்டார்கள், வந்தவர்கள் 55, கையெழுத்திட்டவர்கள் 39. வர்ஜீனியாவில் பேட்ரிக் ஹென்றியும் ரிச்சர்ட் ஹென்றி லீயும் மறுத்தார்கள். மேரிலாந்தில் முதலில் தேர்வானவர்களில் ஐவர் ஒதுங்கிக்கொண்டார்கள். கனெக்டிகட்டில் எராஸ்டஸ் வோல்காட் விலக, அந்த இடத்துக்கு வந்தவர் ரோஜர் ஷெர்மன். ஜூலைச் சமரசத்தில் அவர் பங்கு பெரிது.

வர்ஜீனியாவின் சட்டம் இதற்கு முன்கூட்டியே வழி செய்திருந்தது: பேராளர் இறந்தாலோ மறுத்தாலோ மாநில நிர்வாகமே காலியிடத்தை நிரப்பலாம், சட்டமன்றம் மறுபடி கூட வேண்டியதில்லை. இருநூறு வருடத்துக்கு மேலான அந்த ஒரு வரியை இன்றும் பல வரைவுகள் மறந்துவிடுகின்றன.

தகுதி என்ன? சட்டமன்ற உறுப்பினரே பேராளராகப் போகலாமா?

இண்டியானாவின் 2013 சட்டம் நல்ல மாதிரி: மாநிலத்தில் வசிக்க வேண்டும், பதிவு பெற்ற வாக்காளராக இருக்க வேண்டும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், பதிவு செய்த லாபியிஸ்டாக (பிறருக்காகச் சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டுபவராக) இருக்கக் கூடாது, கூட்டரசுப் (மத்திய அரசுப்) பதவியில் இருக்கக் கூடாது.

மாநில சட்டமன்ற உறுப்பினர் போகலாமா என்பதில் பொறி இருக்கிறது. பல மாநில அரசமைப்புகளில் ஒருவர் இரண்டு பதவி வகிக்கக் கூடாது என்ற தடை உண்டு. பேராளர் இடம் ஒரு பதவியா, தற்காலிகப் பணியா? யாராவது வழக்குப் போட்டால் பதில் தெரியாமல் திண்டாட வேண்டிவரும். சம்பளம் இல்லை, பயணப்படியும் தங்கும் செலவும் மட்டும், மாநாடு முடிந்ததும் பணி காலாவதி, இது பதவியாகக் கருதப்படாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டால் பாதிச் சிக்கல் குறையும். மீதிக்கு மாநில அட்டர்னி ஜெனரலின் கருத்தை முன்னதாகவே எழுத்தில் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

காங்கிரஸ் உறுப்பினர்கள் வேண்டவே வேண்டாம். காங்கிரஸைச் சுற்றிக்கொண்டு போகத்தான் இந்த வழியே இருக்கிறது.

பேராளர் கையில் என்ன ஆவணம் இருக்க வேண்டும்?

நியமன ஆணை. மாநாட்டில் முதல் வேலையே இதைச் சரிபார்ப்பதுதான். 1787இல் மே 14க்கு அழைப்பு. ஏழு மாநிலங்கள் சேர்ந்து கோரம் ஆக மே 25 ஆயிற்று. அன்றே ஆணைகள் வாசிக்கப்பட்டன. டெலாவேரின் ஆணையில் ஒரு வரி எல்லாரையும் நிமிர வைத்தது: மாநிலத்துக்கு ஒரு ஓட்டு என்பதை மாற்ற எங்கள் பேராளர்களுக்கு அதிகாரமில்லை. பெரிய மாநிலங்களோடு பேரம் பேசுவதற்காக அந்தக் கயிற்றைத் தம் கழுத்தில் தாமே கேட்டு மாட்டிக்கொண்டவர் டெலாவேரின் ஜார்ஜ் ரீட்.

இன்று எழுதும் ஆணையில் பேராளர், மாற்றுப் பேராளர் பெயர்கள், நியமித்த தீர்மானத்தின் எண்ணும் நாளும், எந்தப் பொருள் பற்றிய மாநாடு, அதிகார எல்லை, குழுவின் கோரம், ஓட்டு யார் அறிவிப்பது, காலாவதி ஆகியவை இருக்க வேண்டும். மாநிலச் செயலரின் முத்திரையோடு மூலப்பிரதிகள் குறைந்தது மூன்று: மாநாட்டுக்கு, குழுத் தலைவருக்கு, மாநில ஆவணத்துக்கு. ஆணையில் பெயர் ஒரு மாதிரி, வாக்காளர் பட்டியலில் வேறு மாதிரி என்பது போன்ற அற்பப் பிழையை எதிர்த்தரப்பு விடாது.

பேராளர் எல்லை மீறி ஓட்டுப் போட்டால் என்ன செய்ய முடியும்?

இந்தப் பயம்தான் மாநாட்டு எதிர்ப்பாளர்களின் பெரிய ஆயுதம். பழைய ஒப்பந்தத்தைத் திருத்தப் போன 1787 மாநாடு புதிய அரசமைப்பையே எழுதிவிட்டு வந்தது என்று அவர்கள் நினைவூட்டுவார்கள். அதற்குப் பதிலாகத்தான் பேராளர் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன.

இண்டியானாவின் ஏற்பாடு இப்படி. சட்டமன்றம் தீர்மானத்தின் மூலம் அறிவுறுத்தல் தரும். பேராளர், அனுமதியில்லாத திருத்தத்துக்கு ஓட்டுப் போடமாட்டேன் என்று உறுதிமொழி எடுப்பார். மீறிப் போட்ட ஓட்டு செல்லாது. அந்த நிமிடமே நியமனம் போய்விடும். ஜோடியான மாற்றுப் பேராளர் இடத்தில் அமர்வார். தெரிந்தே மீறினால் 6ஆம் நிலைக் கடுங்குற்றம்: அந்த மாநிலத்தில் 6 மாதம் முதல் இரண்டரை ஆண்டு வரை சிறை. இன்னதைச் செய்தால் மீறலாகுமா என்று சந்தேகம் வந்தால் மாநில உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி, மேல்முறையீட்டு நீதிமன்றத் தலைமை நீதிபதி, வரி நீதிமன்ற நீதிபதி மூவரும் அடங்கிய ஆலோசனைக் குழுவைக் கேட்கலாம். 24 மணி நேரத்துக்குள் பதில் வரும். எல்லாப் பேராளர்களும் மாற்று ஆட்களும் சேர்ந்தே எல்லை மீறினால், மாநாடு கேட்டு இண்டியானா கொடுத்த விண்ணப்பமே உயிரிழக்கும். கடைசி வரிதான் உண்மையான பல் என்பது எங்கள் கருத்து. சிறை பின்னால் வரும். விண்ணப்பம் காலாவதியாவது உடனே வலிக்கும்.

ஒரு குறை: மாநாட்டு விதி வேறு சொல்லாதவரை இரண்டு பேராளர், இரண்டு மாற்று என்கிறது இதே சட்டம். இருவர் முரண்பட்டால் ஜார்ஜியாவின் கதைதான்.

புளோரிடாவும் 2014இல் இதே வகைச் சட்டம் இயற்றியது. அங்கும் தெரிந்தே மீறுவது கடுங்குற்றம்.

இந்தத் தண்டனைகள் நீதிமன்றத்தில் நிற்குமா?

மாநாடே நடக்காததால் சோதித்துப் பார்த்தவர் இல்லை. ஆதரவாளர்கள் காட்டும் தீர்ப்பு 2020 ஜூலையில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சியாஃபாலோ வழக்கில் தந்தது: வாக்குறுதியை மீறி வேறு ஆளுக்கு ஓட்டுப் போட்ட ஜனாதிபதித் தேர்வாளர்களுக்கு (மாநிலத்தின் சார்பில் ஜனாதிபதிக்கு ஓட்டுப் போட நியமிக்கப்படுபவர்களுக்கு) வாஷிங்டன் மாநிலம் ஆளுக்கு 1,000 டாலர் அபராதம் விதித்தது செல்லும் என்று ஒருமனதாகச் சொன்னது. தேர்வாளரைக் கட்டுப்படுத்த முடிந்தால் பேராளரையும் முடியும் என்பது வாதம்.

எதிர்வாதமும் லேசானதல்ல. தேர்வாளர்களை நியமிக்கும் அதிகாரத்தை அரசமைப்பே மாநிலங்களுக்கு வெளிப்படையாகத் தந்திருக்கிறது. பேராளர் விஷயத்தில் அது மௌனம். 1920இன் ஹாக் எதிர் ஸ்மித் தீர்ப்பும் இருக்கிறது: 5ஆம் பிரிவின் கீழ்ச் செயல்படும் மாநிலச் சட்டமன்றம் கூட்டரசுப் பணியைச் செய்கிறது, மாநிலத்தின் சொந்தக் கட்டுப்பாடுகள் அதைக் கட்டாது என்று சொன்ன தீர்ப்பு அது. அதை மாநாட்டுக்கும் நீட்டினால் மாநிலத் தண்டனைச் சட்டம் ஆட்டம் காணும். ஆகவே சிறையை மட்டும் நம்பாமல், உடனடியாகத் திரும்ப அழைக்கும் அதிகாரத்தையும் சேர்த்து வைப்பதே பாதுகாப்பு.

தீர்மானம் போதுமா, சட்டமே வேண்டுமா?

பெயர்களை நியமிக்கத் தீர்மானம் போதும். குற்றம், தண்டனை, பணம் ஒதுக்குவது இவற்றுக்குச் சட்டம் வேண்டும்; சட்டமென்றால் ஆளுநரின் கையெழுத்து, மறுப்பதிகாரம் எல்லாம் வரும். அனுபவமுள்ள வரைவாளர்கள் இரண்டாகப் பிரிப்பார்கள்: நிரந்தர நடைமுறை சட்டத்தில், ஆள் பெயரும் அறிவுறுத்தலும் தீர்மானத்தில்.

சட்டமன்றம் கூட்டத்தில் இல்லாத நேரத்தில் மாநாட்டு அழைப்பு வந்தால்?

பலரும் யோசிக்காத இடம் இது. டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், 140 நாள் கூடும். மொன்டானா, நெவாடா, வடக்கு டகோட்டாவும் இரண்டாண்டுக்கு ஒருமுறைதான். அழைப்பு இரட்டைப்படை ஆண்டின் ஜூனில் வந்தால் டெக்சாஸில் சிறப்புக் கூட்டம் வேண்டும். அதைக் கூட்டுவது ஆளுநர் ஒருவரே, 30 நாள் வரம்பு, அவர் பட்டியலிட்ட பொருளை மட்டுமே எடுக்கலாம். அவருக்கு மாநாட்டில் விருப்பமில்லையென்றால் மாநிலத்தின் நாற்காலி காலி.

இதற்கு இரண்டு தீர்வுகள் புழக்கத்தில் இருக்கின்றன. கூட்டம் இல்லாத காலத்தில் இரு அவைத் தலைவர்களும் இடைக்கால நியமனம் செய்யலாம், அடுத்த கூட்டத்தில் அவை உறுதி செய்யும் என்பது ஒன்று. ஒவ்வொரு சட்டமன்றக் காலத்தின் தொடக்கத்திலும் ஒரு தயார்ப் பட்டியலை நிறைவேற்றி வைப்பது இன்னொன்று. மாநாட்டின்போது அறிவுறுத்தலை மாற்றவும் ஆளைத் திரும்ப அழைக்கவும் இதே சிக்கல் வரும் என்பதால், சிறு கண்காணிப்புக் குழு ஒன்றுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்து வைப்பதும் உண்டு.

செலவு யார் தலையில்?

மாநிலத்தின் தலையில். நியூஹாம்ப்ஷயர் 1787இல் பேராளர்களைத் தேர்ந்தெடுத்தது. அனுப்பக் கஜானாவில் பணமில்லை. கடைசியில் பேராளர் ஜான் லாங்டன் தன் பையிலிருந்து தன் செலவையும் சக பேராளர் கில்மனின் செலவையும் கொடுத்தார். ஜூலை 23இல் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பெரிய சமரசம் முடிந்து ஒரு வாரமாகியிருந்தது.

ஒப்புதல் மாநாட்டுக்குப் பேராளர் தேர்வு எப்படி?

இங்கே மக்கள் ஓட்டுதான் வழக்கம், காரணமும் தெளிவு. 1933இல் மதுவிலக்கை நீக்கும் 21ஆம் திருத்தத்தைக் காங்கிரஸ் பிப்ரவரி 20இல் அனுப்பியபோது, சட்டமன்றங்களில் கிராமப்புறப் பிரதிநிதித்துவம் அதிகம், மதுவிலக்கு அணியின் பிடி அங்கே பலம் என்று தெரிந்தே மாநாட்டு வழியைத் தேர்ந்தெடுத்தது. நடைமுறை விதி எதையும் அனுப்பவில்லை. ஒவ்வொரு மாநிலமும் அவசரமாகத் தன் சட்டத்தை இயற்றியது. நியூமெக்சிகோவில் 3 பேராளர், இண்டியானாவில் 329. சில இடங்களில் மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. சில இடங்களில் மாவட்ட வாரியாக.

பெரும்பாலான வாக்குச்சீட்டில் இரண்டு பட்டியல்: திருத்தத்துக்கு ஆதரவு, எதிர்ப்பு. ஓட்டுப் போட்டவுடனே முடிவு தெரிந்துவிடும். மாநாடு வெறும் சடங்கு. நியூஹாம்ப்ஷயர் மாநாடு 17 நிமிடத்தில் முடிந்தது. மிச்சிகன் ஏப்ரலில் முதலாவதாக ஒப்புதல் தந்தது. டிசம்பர் 5இல் யூட்டா 36ஆவது மாநிலமாகச் சேர, அன்றைய 48இல் நான்கில் மூன்று பங்கு நிறைந்தது. அனுப்பிய நாளிலிருந்து 288 நாள். தென் கரோலினா மாநாடு நிராகரித்தது; வட கரோலினா மக்கள் மாநாடே வேண்டாம் என்று ஓட்டளித்தார்கள்.

பேராளரை முன்கூட்டியே கட்டிப்போடலாமா என்பதில் அப்போதே நீதிபதிகள் பிரிந்தார்கள். அலபாமாவில் மக்கள் வாக்கெடுப்பின் முடிவுக்குப் பேராளர்களைக் கட்டுப்படுத்தலாம் என்று கருத்துச் சொன்னார்கள். மெயினில், மாநாடு என்பது கூடிப் பேசி முடிவெடுக்கும் அவை, வாக்கெடுப்பால் அதைக் கட்ட முடியாது என்றார்கள்.

சில மாநிலங்களில் நிரந்தரச் சட்டம் இருக்கிறது. புளோரிடாவில் 67 பேராளர்கள், மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. 25 டாலர் கட்டணமும் 500 வாக்காளர் கையெழுத்தும் இருந்தால் யாரும் நிற்கலாம். வெர்மான்ட்டில் 14 பேராளர்கள். ஆளுநர், துணை ஆளுநர், கீழவைத் தலைவர் மூவரும் சேர்ந்து 28 வேட்பாளர்களை நிறுத்துவார்கள், 14 பேர் ஆதரவு, 14 பேர் எதிர்ப்பு. நியூமெக்சிகோவில் சட்டமன்ற உறுப்பினர்களே பேராளர்கள். காங்கிரஸ் சட்டமன்றத்தைத் தாண்டிப் போக நினைத்தாலும் அங்கே அதே ஆட்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். குறும்பு என்றே சொல்லலாம்.

இந்தியாவில் இப்படி ஏதாவது உண்டா?

திருத்தத்துக்கு இல்லை. 368ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம்தான் தொடங்க வேண்டும். சில வகைத் திருத்தங்களுக்குப் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் தேவை. ஆனால் அரசமைப்பை எழுதிய அவைக்கான தேர்வு ஏறத்தாழ இந்த வகைதான்: 1946இல் மாகாணச் சட்டமன்றங்களின் கீழவைகள், சுமார் 10 லட்சம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், ஒற்றை மாற்று வாக்கு முறையில் தேர்ந்தெடுத்தன. சென்னை மாகாணத்துக்கு 49 இடம். இந்த முறையில் சிறுபான்மை அணிக்கும் தன் பலத்துக்கேற்ற இடம் கிடைக்கும். அமெரிக்க மாநிலச் சட்டங்கள் எளிய பெரும்பான்மையோடு நின்றுவிடுவதால் ஆளுங்கட்சியே முழுக் குழுவையும் அள்ளிக்கொள்ளும்.

நான் வசிக்கும் மாநிலத்தில் என்ன சட்டம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாநிலச் சட்டத் தொகுப்பில் இரண்டு இடங்களில் பாருங்கள். முன்மொழிவு மாநாட்டுப் பேராளர் சட்டம் பெரும்பாலும் சட்டமன்றம் பற்றிய தலைப்பின் கீழ் இருக்கும். ஒப்புதல் மாநாட்டுச் சட்டம் தேர்தல் தலைப்பின் கீழும் இருக்கலாம். முதலாவது இல்லையென்றால், உங்கள் மாநிலம் நிறைவேற்றிய விண்ணப்பத் தீர்மானத்தின் வாசகத்தைப் படியுங்கள். சில தீர்மானங்களிலேயே பேராளர் பற்றி ஓரிரு வரி இருக்கும். விண்ணப்பம் பின்னர் திரும்பப் பெறப்பட்டதா என்றும் பாருங்கள்: 2016, 2017இல் மட்டும் டெலாவேர், மேரிலாந்து, நியூமெக்சிகோ, நெவாடா பழைய விண்ணப்பங்களை ரத்து செய்தன. சட்டம் கிடைத்தால் முதலில் தேட வேண்டியது நான்கு: எண்ணிக்கை ஒற்றைப்படையா, காலியிடத்தை யார் நிரப்புவது, சட்டமன்றம் கூடாத காலத்தில் யார் முடிவெடுப்பது, குழு சமமாகப் பிளந்தால் என்ன. நான்காவதற்குப் பதில் இல்லாத சட்டத்தைப் பார்த்தால் உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதலாம்; மசோதா குழு நிலையில் இருக்கும்போது எழுதினால் ஒரு வரி சேர்ப்பது எளிது, நிறைவேறிய பிறகு அதற்கென்று தனித் திருத்த மசோதாவே வேண்டியிருக்கும்.